கம்பியும் குழாயும் இல்லாமல் இருபது நாள்: தற்சார்பு வீட்டுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

2018 நவம்பர் 16 விடியற்காலையில் கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரையேறி, திருவாரூர், தஞ்சாவூர், புதுக்கோட்டை என்று உள்ளே வந்து தென்னந்தோப்புகளைப் படுக்கப் போட்டது நினைவிருக்கும். எங்கள் ஊர் ஆலங்குடிப் பக்கம். மரம் விழுந்து கிடந்த கோலம்கூட மூன்றாம் நாளில் கண்ணுக்குப் பழகிவிட்டது, தண்ணீர் இல்லாததுதான் பழகவில்லை. எல்லார் வீட்டிலும் போர்வெல்தான். 600 அடி, 800 அடி. கரண்ட் இல்லாவிட்டால் ஒரு சொட்டு மேலே ஏறாது. டீசல் ஜெனரேட்டரைக் குட்டியானை வண்டியில் ஏற்றிக்கொண்டு தெருத்தெருவாக வந்தவர்கள் மணிக்கு இவ்வளவு என்று வாங்கிக்கொண்டு மோட்டாரை ஓட்டிக் கொடுத்தார்கள். தெருவில் கயிறும் கப்பியும் மிச்சமிருந்த கிணறு ஒன்றே ஒன்று. அந்த வீட்டு அப்பத்தா, கிணற்றை மூடிவிடலாம் என்று பிள்ளைகள் நச்சரித்தபோதெல்லாம் "அது பாட்டுக்குக் கிடக்கட்டும்" என்று சொல்லிவந்தவர். நாங்கள் அத்தனை பேரும் குடத்தோடு அவர் வாசலில் நின்றோம். எங்கள் தெருவுக்கு மறுபடி கரண்ட் வர 22 நாள் ஆனது.

அதற்குப் பிறகுதான் நான் தற்சார்பு வாழ்க்கை என்பதைப் படம் பார்க்கும் ஆசையாக இல்லாமல் வீட்டுக் கணக்காகப் பார்க்க ஆரம்பித்தேன். எந்த ஏற்பாடு செய்தாலும் ஒரே கேள்விதான்: வெளியிலிருந்து எதுவும் வராவிட்டால் இது இருபது நாள் தாங்குமா? இந்தக் கேள்வியை வைத்துக்கொண்டு தண்ணீர், கரண்ட், அடுப்பு, கழிப்பறை, சாப்பாடு என்று ஒவ்வொன்றாகப் போவோம். பெரும்பாலானோர் சோலாரில் ஆரம்பித்துத் தண்ணீரில் வந்து மாட்டிக்கொள்கிறார்கள், அதனால் வரிசையை மட்டும் மாற்றாதீர்கள்.

எங்கள் பக்கத்து மண், மழை, வெயிலை வைத்து எழுதுகிறேன். நீலகிரியிலோ கன்னியாகுமரியிலோ இருப்பவர்கள் எண்களைத் தங்கள் மழைக்குத் தகுந்தபடி மாற்றிக்கொள்ளுங்கள்.

ஒத்திகை: எதுவும் வாங்குவதற்கு முன்னால்

ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம் மெயின் சுவிட்சை இறக்கிவிடுங்கள். மேல்தொட்டியின் வால்வையும் மூடிவிடுங்கள். கேஸ் சிலிண்டரைத் தொடக் கூடாது. ஞாயிறு இரவு வரை அப்படியே இருங்கள், ஒரு நோட்டில் எந்த நேரத்தில் எது இல்லாமல் கஷ்டப்பட்டீர்கள் என்று எழுதுங்கள். எங்கள் வீட்டு நோட்டில் முதல் வரி ஃபேன் என்று நான் எதிர்பார்த்தேன், ஆனால் மனைவி எழுதியது "கக்கூசுக்குத் தண்ணீர்". இரண்டாவது, இட்லி மாவு அரைக்க வழியில்லை. போன் சார்ஜ் ஐந்தாவது இடத்துக்குப் போய்விட்டது. உங்கள் பட்டியல் வேறாக இருக்கலாம், இருக்கும். அந்தப் பட்டியல்தான் எதற்கு முதலில் பணம் போடுவது என்று சொல்லும், கடைக்காரர் சொல்லக் கூடாது.

குடத்தில் அளந்து செலவழித்தால் இன்னொன்றும் தெரியும். குடிக்கவும் சமைக்கவும் ஆளுக்கு ஒரு நாளைக்கு 6, 7 லிட்டர் போதும். குளிக்க, துவைக்க, கழுவ என்று மீதி எல்லாம் சேர்த்தால் ஆளுக்கு 50 லிட்டர் பக்கம் வரும். இந்த இரண்டையும் ஒரே தண்ணீராக நினைக்காமல் தனித்தனிக் கணக்காகப் பிரித்துவிட்டாலே பாதிப் பிரச்சினை தீர்ந்தது.

தண்ணீர்

ஒரு சதுர மீட்டர் கூரையில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் ஒரு லிட்டர். இந்த ஒரு வாய்ப்பாடு போதும். எங்கள் ஓட்டுக் கூரை 600 சதுர அடி, அதாவது சுமார் 56 சதுர மீட்டர். சிதறியதும் ஓடு குடித்ததும் போக எண்பது சதவீதம் பிடிக்கலாம் என்று வைத்தால் ஒரு மில்லிமீட்டருக்கு 45 லிட்டர். வருடத்துக்கு 900 மில்லிமீட்டர் மழை என்றால் 40,000 லிட்டர். இதில் பாதி ஐப்பசி, கார்த்திகையை ஒட்டிய வடகிழக்குப் பருவத்தில் மட்டும் கொட்டுகிறது. அதாவது நம் ஊரில் மழை குறைவு என்பது முழு உண்மை இல்லை. மொத்தமாக வந்துவிட்டு மொத்தமாகப் போய்விடுகிறது, பிடித்து வைக்கப் பாத்திரம் இல்லை, அவ்வளவுதான்.

பாத்திரம் எவ்வளவு பெரிசு வேண்டும்? நாலு பேருக்குக் குடிக்க, சமைக்க ஒரு நாளைக்கு 28 லிட்டர். தை பிறந்ததிலிருந்து அடுத்த நல்ல மழை வரை 240 நாள் என்று தாராளமாக வைத்தால் 6,700 லிட்டர். விருந்தாளி, ஆவி, சிந்தல் எல்லாம் சேர்த்து 10,000 லிட்டர் தொட்டி. இதற்கு மேல் கட்டினால் காசு விரயம், கீழே கட்டினால் பங்குனியில் லாரிக்கு போன் போட வேண்டியிருக்கும். நான் கட்டியது கம்பி வலையும் சிமென்டும் வைத்துப் பூசிய உருண்டைத் தொட்டி, குறுக்களவு இரண்டரை மீட்டர், உயரம் இரண்டு மீட்டர். அதே அளவு செங்கல் தொட்டியைவிடச் செலவு குறைவு. ஆனால் பூசிய பிறகு இரண்டு வாரம் விடாமல் நனைக்க வேண்டும். அதில் சோம்பேறித்தனம் பட்டால் மயிரிழை விரிசல் விழும், அப்புறம் ஆயுசுக்கும் கசிவுதான்.

இப்போது படிப்படியாக.

கூரையை முதல் மழைக்கு முன், புரட்டாசியில், துடைப்பம் போட்டுப் பெருக்குங்கள். ஆஸ்பெஸ்டாஸ் கூரை என்றால் அந்தத் தண்ணீரைக் குடிக்க எடுக்காதீர்கள், தோட்டத்துக்கு விடுங்கள். பிவிசி குழாயை நெடுக்காகப் பிளந்து ஓட்டு விளிம்பில் தொங்கவிட்டால் அதுவே தகரத்தைவிட நீண்ட நாள் உழைக்கும் வடிகால். பத்தடிக்கு ஓர் அங்குலம் சரிவு போதும்.

அடுத்தது முதல் மழைத் தண்ணீரைக் கழிப்பது. இதைச் செய்யாமல் விட்டதுதான் என் முதல் வருடத் தப்பு. எங்கள் பக்கம் மயில் அதிகம், காலையும் மாலையும் கூரைமேல் அதுகளின் நடமாட்டம்தான். வேப்பஞ்சருகும் மயில் எச்சமும் ஊறி, தொட்டித் தண்ணீர் கார்த்திகைக் கடைசியில் கடுங்காப்பி நிறத்துக்கு வந்துவிட்டது. 9,000 லிட்டரைத் திறந்துவிட்டுத் தேய்த்துக் கழுவினோம். வழி சுலபம்: கூரையிலிருந்து இறங்கும் குழாயில், தொட்டிக்குப் போகும் பிரிவுக்கு முன்னால், கீழ்நோக்கி ஒரு பிரிவு வைத்து அதன் அடியில் 100 லிட்டர் டிரம். டிரம்முக்குள் ஒரு ரப்பர் பந்து. முதலில் வரும் அழுக்குத் தண்ணீர் டிரம்முக்குள் இறங்கும், நிறைய நிறையப் பந்து மிதந்து மேலே வந்து வாயை அடைத்துக்கொள்ளும், அதற்கப்புறம் வரும் தண்ணீர் தொட்டிக்குத் திரும்பும். எங்கள் கூரைக்கு 100 லிட்டர் என்றால் ஏறத்தாழ முதல் இரண்டு மில்லிமீட்டர் மழை. டிரம்மின் அடியில் சொட்டுச் சொட்டாக ஒழுகும்படி ஒரு சின்னக் குழாய் வைத்தால் அடுத்த மழைக்குள் தானாகக் காலியாகிவிடும், நீங்கள் மறந்தாலும் அது மறக்காது.

தொட்டி வாயில் கூழாங்கல், மணல், கொட்டாங்குச்சிக் கரி என்று அடுக்கிய ஒரு வடிகட்டி. தொட்டிக்குள் வெளிச்சம் போகவே கூடாது, போனால் பாசி. நிறைந்து வழியும் குழாயின் வாயில் கொசுவலைத் துணியைக் கம்பியால் கட்டுங்கள். இதை மறந்தால் டெங்குக் கொசுவுக்கு நீங்களே பண்ணை வைத்த மாதிரி. வழியும் தண்ணீரைக் கிணற்றை ஒட்டி ஓர் உறிஞ்சுகுழிக்கு விடுங்கள். குடிக்க எடுப்பதைக் கொதிக்க வைத்துவிடுங்கள், வாதம் வேண்டாம். விறகு இல்லாத நாளில், கலங்கலில்லாத தண்ணீரை நிறமற்ற பிளாஸ்டிக் பாட்டிலில் நிரப்பி, நல்ல வெயிலில் ஆறு மணி நேரம் படுக்கவைத்தாலும் கிருமி பெரும்பாலும் சாகும். மேகமூட்டம் என்றால் இரண்டு நாள். ஊருணித் தண்ணீர்தான் கதி என்றால் பானையின் உள்பக்கம் தேத்தாங்கொட்டையை உரசிவிட்டு ஊற்றுங்கள், சில மணி நேரத்தில் கலங்கல் அடியில் இறங்கிவிடும். தெளிந்ததே தவிரச் சுத்தமாகிவிட்டது என்று அர்த்தமில்லை, அதையும் கொதிக்க வைக்கத்தான் வேண்டும்.

புழக்கத் தண்ணீருக்குத் திறந்த கிணறு இருந்தால் நீங்கள் பாக்கியசாலி. கப்பி, கயிறு, வாளி மூன்றையும் இன்றைக்கே மாட்டி வையுங்கள். போர் மட்டும் இருந்தால், நிலத்தடி நீர் எத்தனை அடியில் நிற்கிறது என்று முதலில் பாருங்கள். மேலேயே நிற்கிற இடத்தில் கைப்பம்பு போடலாம். எங்களைப் போல நூற்றுக்கணக்கான அடி கீழே என்றால் கைப்பம்பு வேலைக்கு ஆகாது, சோலார் பம்ப் ஒன்றுதான் வழி, அதற்கு மானியம் கிடைக்குமா என்று வேளாண் பொறியியல் துறையில் கேட்டுப் பாருங்கள். அதுவும் இல்லாதவர்கள் இரண்டாவது தொட்டி ஒன்றைக் கட்டி, கரண்ட் இருக்கும்போது நிரப்பியே வைத்திருங்கள். நாலு பேர், இருபது நாள், சிக்கனமாக ஆளுக்கு 30 லிட்டர் என்றால் 2,400 லிட்டர். மலைப்பாக இருக்கிறதா? இரண்டு சின்டெக்ஸ் தொட்டிதான்.

குளித்த தண்ணீர், பாத்திரம் கழுவிய தண்ணீர் ஒன்றும் வீணாகக் கூடாது. பின்வாசலில் வாழை, அதைச் சுற்றிச் சேம்பு, கல்வாழை. சாம்பலும் சிகைக்காயும் பூந்திக்கொட்டையும் புழங்கினால் வாழைக்கு ஒன்றும் ஆகாது. சோப்புத்தூள் நுரையை விட்டால் கொஞ்ச நாளில் மண் இறுகிப்போகும்.

கரண்ட்

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தமிழ்நாட்டில் 2016 முதல் வீட்டு இணைப்புக்கு இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம். கீழே நான் போடும் கணக்குப்படி ஒரு சிக்கனமான வீடு ஒரு நாளைக்கு ஒரு யூனிட் செலவழிக்கும், இரண்டு மாதத்துக்கு 60. அதாவது சோலார் போட்டால் உங்களுக்கு மிச்சமாகும் கரண்ட் பில் பூஜ்யம். ஆகவே வீம்புக்கு இணைப்பைத் துண்டிக்காதீர்கள். சோலார் என்பது இங்கே வருமானம் இல்லை, அடுத்த கஜாவுக்கான காப்பீடு. இணைப்பே வராத தோட்டத்தில் வீடு கட்டுபவர்களுக்கு மட்டும்தான் இது அன்றாடத் தேவை.

கணக்கு இப்படி. 9 வாட் எல்இடி பல்பு நாலு, ஐந்து மணி நேரம்: 180 வாட் மணி. ஃபேன் இரண்டு, பத்து மணி நேரம்: பழைய ஃபேன் 75 வாட், அப்போது 1,500, கரண்ட் குறைவாக இழுக்கும் புதுவகை பிஎல்டிசி ஃபேன் 30 வாட், அப்போது 600. பாருங்கள், ஃபேனை மாற்றினாலே பேட்டரியின் விலை பாதியாகிறது. லேப்டாப் 50 வாட், நாலு மணி நேரம், 200. போன்கள் 30. எல்லாம் கூட்டினால் ஆயிரத்துச் சொச்சம் வாட் மணி, அதுதான் ஒரு யூனிட். ஃபிரிட்ஜ் வைத்தால் அது ஒன்றே இன்னொரு யூனிட் கேட்கும். அயர்ன் பாக்ஸ், ஹீட்டர், இண்டக்‌ஷன் அடுப்பு என்று சூடாக்கும் எதையும் பேட்டரியில் போடாதீர்கள். மிக்ஸியை நல்ல வெயில் நேரத்தில் பத்து நிமிடம் ஓட்டலாம், அதற்கு இன்வெர்ட்டர் 1,000 வாட்டுக்கு மேல் தாங்க வேண்டும். இல்லை, அம்மி இருக்கிறது.

தமிழ்நாட்டு வெயில் ஒரு நாளைக்குச் சராசரியாக 5 மணி நேர முழு வெயிலுக்குச் சமம். சூடு, தூசி, ஒயர், பேட்டரி எல்லாம் தின்றது போகக் கைக்கு வருவது எழுபது சதவீதம். ஆகவே 540 வாட் பேனல் ஒன்று நல்ல நாளில் 1,900 வாட் மணி தரும். நமக்கு வேண்டியதைப் போல ஏறத்தாழ இரண்டு மடங்கு. ஐப்பசி மேகமூட்டத்தில் பாதியாகக் குறைந்தாலும் ஓட்டிவிடலாம். தெற்குப் பார்த்து, பத்துப் பன்னிரண்டு டிகிரி சாய்வாக, ஒரு கிளையின் நிழல்கூட விழாத இடத்தில் வையுங்கள். மூலையில் விழும் முருங்கைக் கிளை நிழல் பேனலில் மூன்றில் ஒரு பங்கையே முடக்கிவிடும்.

பேனலுக்கும் பேட்டரிக்கும் நடுவில் சார்ஜைக் கட்டுப்படுத்தும் பெட்டிதான் கன்ட்ரோலர், அதில்தான் நான் ஏமாந்தேன். கடையில் 540 வாட் பேனலோடு சேர்த்து 12 வோல்ட் பேட்டரியும் பிடபிள்யூஎம் கன்ட்ரோலரும் கட்டிக் கொடுத்தார்கள். "எல்லாம் ஒண்ணுதான் சார்" என்றார் அந்தப் பையன். ஒன்றல்ல. அந்தப் பேனல் வேலை செய்வது 41 வோல்ட், 13 ஆம்பியரில். பிடபிள்யூஎம் என்பது பேனலை பேட்டரியின் வோல்டேஜுக்கு இழுத்துப் பிடித்துவிடும். ஆக 13 ஆம்பியர், 13 வோல்ட், 170 வாட்டுக்குக் கீழேதான். மீதி 370 வாட் கூரைமேல் வெறுமனே காய்ந்துகொண்டிருந்தது. நாலு மாதம் கழித்து ஒயரில் ஓடும் கரண்டை அளக்கும் கிளாம்ப் மீட்டர் ஒன்றைக் கடன் வாங்கிப் பார்த்தபோதுதான் தெரிந்தது. பெரிய பேனலுக்கு, பேனலின் வோல்டேஜைப் பேட்டரிக்குத் தகுந்தபடி மாற்றித் தரும் எம்பிபிடி கன்ட்ரோலர்தான் வேண்டும்: 24 வோல்ட் பேட்டரிக்கு 30 ஆம்பியர், பேனல் பக்கம் 100 வோல்ட் தாங்குவது. வெயில் படும்போது, லோடு இல்லாத பேனலின் வோல்டேஜ் 50-ஐத் தொடும், அதைத் தாங்காத கன்ட்ரோலர் முதல் நாளே புகைந்துவிடும்.

பேட்டரிக்கு இருபது நாள் கேள்வி பொருந்தாது, ஏனென்றால் வெயில் அதற்குள் வந்துவிடும். இரண்டு நாள் தாங்கினால் போதும். 150 ஆம்பியர் மணி டியூபுலர் பேட்டரி இரண்டை வரிசையாக இணைத்தால் 24 வோல்ட், 3,600 வாட் மணி; ஆனால் பாதிக்குக் கீழே இறக்கினால் ஆயுள் போய்விடும், ஆக 1,800தான் உங்களுடையது. லித்தியம் என்றால் எண்பது சதவீதம் வரை செலவழிக்கலாம், டிஸ்டில்டு வாட்டர் ஊற்றும் வேலையும் இல்லை. டியூபுலரைப் படுக்கையறையில் வைக்காதீர்கள், சார்ஜ் ஏறும்போது ஹைட்ரஜன் கிளம்பும், காற்று போய்வரும் திண்ணையோரம் நல்லது. பேட்டரிக்குப் பக்கத்திலேயே ஒரு ஃபியூஸ், பேனலுக்கு டிசி பிரேக்கர், தடித்த ஒயர். இதில் மிச்சம் பிடித்து வீட்டைக் கொளுத்திக்கொள்ளாதீர்கள்.

புயல் பக்கத்துக்காரர்களுக்கு இன்னொன்று: பேனல் சட்டத்தை ஆள் உயரத்தில், ஒரே அளவு ஸ்பேனரில் கழற்றும்படி போல்ட் போட்டு வையுங்கள். எச்சரிக்கை வந்த அன்று பிரேக்கரை இறக்கிவிட்டு, இரண்டு பேர் சேர்ந்து பதினைந்து நிமிடத்தில் கழற்றிக் கட்டிலுக்கடியில் வைத்துவிடலாம்.

அடுப்பு

சாண எரிவாயு பற்றி ஏகப்பட்ட கற்பனை உலவுகிறது. ஒரு கிலோ பச்சைச் சாணத்துக்கு ஏறத்தாழ 40 லிட்டர் வாயு கிடைக்கும். நாலு பேர் வீட்டுச் சமையலுக்கு ஒரு கன மீட்டர், அதாவது தினம் 25 கிலோ சாணம் வேண்டும். மேய்ந்துவிட்டு வரும் நாட்டு மாடு கொட்டகையில் போடுவது 5, 6 கிலோதான். எங்களிடம் இரண்டு மாடு, ஆக அரைக் கன மீட்டர், ஓர் அடுப்பு சுமார் ஒன்றரை மணி நேரம். காலை டிபனும் காப்பியும் ஆகும், மத்தியானச் சோறு ஆகாது. இதைத் தெரிந்துகொண்டு கட்டினால் ஏமாற்றமில்லை. செங்கல்லால் நிலத்துக்குள் கட்டும் தீனபந்து வகைக் கலனுக்குப் பழகிய கொத்தனார் வேண்டும், குவிமாடத்தில் ஊசி ஓட்டை இருந்தாலும் வாயு நிற்காது. சாணமும் தண்ணீரும் சமபங்கு கரைத்து நிரப்பி, இரண்டு மூன்று வாரம் பொறுங்கள். முதலில் வருவது காற்றும் கரியமில வாயுவும் கலந்தது, அதைப் பற்றவைக்காமல் திறந்துவிட வேண்டும். சிலிண்டர் அடுப்பை அப்படியே மாட்டினால் எரியாது, துளை பெரிதான தனி அடுப்பு வேண்டும்.

மத்தியானத்துக்கு விறகு. சீமைக்கருவேல் எங்கள் மாவட்டத்தில் யாரைக் கேட்டாலும் வெட்டிக்கொண்டு போகச் சொல்வார்கள். கொடியடுப்பு போடுங்கள், அதுவே விறகை மிச்சம் பிடிக்கும்: முன்னடுப்பில் சோறு கொதிக்கும்போதே பின்னடுப்பில் வெந்நீரோ பருப்போ ஆகிவிடும். கரையான் புற்றுமண்ணும் உமியும் குழைத்துப் பூசினால் விரிசல் விடாது. பின்னாலேயே ஒரு புகைக் குழாய் கூரைக்கு மேலே மூன்றடி உயரம். இது பெண்களின் கண்ணுக்கும் நுரையீரலுக்கும், விட்டுவிடாதீர்கள். அரிசியை அரை மணி நேரம் ஊறவைத்து, ஒரு கொதி வந்து அஞ்சு நிமிடம் ஆனதும் மூடியோடு இறக்கி, வைக்கோல் திணித்த கூடைக்குள் புதைத்து மேலே சாக்கைப் போட்டு அமுக்கிவிடுங்கள். முக்கால் மணி நேரத்தில் சோறு தானாக வெந்திருக்கும். எங்கள் வீட்டில் யாரும் நம்பவில்லை, இப்போது தினம் அதுதான்.

மழைக்காலத்துக்கு முன், ஆவணிக்குள், இரண்டு மாத விறகு கூரைக்குக் கீழே ஏறியிருக்க வேண்டும். நனைந்த விறகோடு மல்லுக்கட்டியவர்களுக்கு விளக்கம் தேவையில்லை.

கழிப்பறை

இரட்டைக்குழி போதும், செப்டிக் டேங்க் வேண்டாம். ஒரு மீட்டர் அகலம், ஒரு மீட்டர் ஆழத்தில் இரண்டு குழி, இடைவெளி விட்டுக் கட்டிய செங்கல் சுவர், ஒரு நேரத்தில் ஒன்று மட்டும். நிறைய மூன்று வருடம் பக்கம் ஆகும். அதை அடைத்துவிட்டு மற்றதைத் திறந்தால், இரண்டு வருடம் கழித்து முதல் குழியில் நாற்றமில்லாத உரம். கிணற்றிலிருந்து குறைந்தது பத்துப் பதினைந்து மீட்டர் தள்ளி இருக்கட்டும். நிலத்தடி நீர் மேலே நிற்கும் களர், கடலோரப் பகுதியில் குழி ஒத்துவராது. அங்கே சாம்பல் தூவும் உலர் கழிப்பறைதான், முசிறிப் பக்கம் அப்படி நிறையக் கட்டி வருடக்கணக்காகப் புழங்குகிறார்கள். ஊற்றும் தண்ணீரும் மிச்சம்.

சாப்பாடு

எல்லாவற்றையும் நாமே விளைவிப்போம் என்று கிளம்பியவர்கள் இரண்டாவது வருடம் நிலத்தை விற்றுவிட்டுப் போனதைப் பார்த்திருக்கிறேன். ஆளுக்குத் தினம் 400 கிராம் தானியம் என்றால் நாலு பேருக்கு வருடத்துக்கு 580 கிலோவுக்கு மேல். மானாவாரி மண்ணில் அதற்கே ஓர் ஏக்கருக்கு மேல் தேவைப்படும். ஆகவே தானியத்தைக் கடைசியில் வையுங்கள், காயிலும் கீரையிலும் ஆரம்பியுங்கள்.

ஐந்து சென்ட் காய்கறித் தோட்டம் என்றால் 200 சதுர மீட்டர். வெயில் காலத்தில் அதற்குத் தினம் 800லிருந்து 1,000 லிட்டர் வேண்டும். மேலே கட்டிய மழைத் தொட்டி பத்தே நாளில் காலி! அதனால் சித்திரை, வைகாசியில் காய்கறி போடும் ஆசையை விடுங்கள், வேரடியில் சருகு மூடாக்கு போட்டு மரங்களைக் காப்பாற்றுங்கள். அந்த மாதங்களில் முருங்கை, அகத்தி, தவசிக்கீரை, பப்பாளி, மாடித் தொட்டியில் மணத்தக்காளி, அவ்வளவே. வைக்கும் நாலு செடிக்கும் நடுவில் ஒரு மண்பானையைக் கழுத்து வரை புதைத்துத் தண்ணீர் ஊற்றி மூடிவிட்டால், அது வியர்த்து வியர்த்து வேருக்குக் கொடுக்கும். ஆடியில் அவரை, புடலை, பீர்க்கு, சுரை, கத்தரி, வெண்டை ஊன்றுங்கள். அவரை மார்கழி, தையில் கொட்டும், தெருவுக்கே கொடுக்கலாம். மரவள்ளியும் சேனையும் வேலியோரம். மண்ணுக்குள்ளேயே கிடக்கும் சேமிப்பு, புயலடித்தாலும் விழாது.

தானியம் போடுவதென்றால் உரித்துச் சாப்பிட வேண்டியது எது, அப்படியே சாப்பிடலாம் என்பது எது என்று பாருங்கள். நெல், வரகு, சாமை, குதிரைவாலி எல்லாம் உமி நீக்க வேண்டியவை, அதற்கு மில்லோ திருகையோ உரலோ வேண்டும், வரகை உரலில் போட்டுக் குத்திப் பார்த்தவர்கள் மறுபடி அந்தப் பேச்சை எடுக்க மாட்டார்கள். கேழ்வரகு, கம்பு, சோளம் மூன்றும் அடித்துத் தூற்றினால் திருகைக்குப் போகலாம். கரண்ட் இல்லாத வீட்டுக்கு இந்த மூன்றுதான். நெல்தான் வேண்டும் என்றால் மானாவாரிக்குக் குழியடிச்சான், குறுகிய நாளுக்குப் பூங்கார், வெள்ளத்தைத் தாங்க மாப்பிள்ளைச் சம்பா. திருவாரூர் மாவட்டம் ஆதிரெங்கத்தில் நெல் ஜெயராமன் ஆரம்பித்த நெல் திருவிழாவின் முறை எனக்குப் பிடித்தது: 2 கிலோ விதை வாங்கிப் போனால், விளைந்ததும் 4 கிலோவாகத் திருப்பிக் கொடுக்க வேண்டும்.

விதையை நீங்களே எடுத்து வைக்காவிட்டால் மேலே சொன்னதெல்லாம் ஒரு போகத்துக்குத்தான். முதல் காயும் வேண்டாம், கடைசிக் காயும் வேண்டாம், நடுப்பருவத்தில் நல்ல கொடியில் ஒன்றிரண்டை முற்ற விடுங்கள். பூசணி, சுரை விதையைச் சாணத்தோடு பிசைந்து சுவரில் வறட்டி மாதிரித் தட்டிவிட்டால் அடுத்த ஆடி வரை பூச்சி நெருங்காது. துவரையைச் செம்மண் குழம்பில் புரட்டிக் காயவைப்பது எங்கள் பக்கத்துப் பழக்கம். தானியம் காய்ந்துவிட்டதா என்று பல்லில் வைத்துக் கடித்துப் பாருங்கள், கடக்கென்று உடைந்தால் சரி, நசுங்கினால் இன்னும் இரண்டு வெயில். குதிரிலோ டிரம்மிலோ அடுக்கும்போது இடையிடையே நொச்சி, வேப்பிலை. தானியம் இருக்கும் இடத்துக்கு எலி வரும், எலி வரும் இடத்துக்குப் பாம்பு வரும். தோட்டத்து வீட்டில் தரையில் படுக்காதீர்கள். கட்டுவிரியன் கடிப்பது பெரும்பாலும் ராத்திரித் தூக்கத்தில்தான், பல் பட்ட தடம்கூடச் சரியாகத் தெரியாது. கட்டில், கொசுவலை, டார்ச். கடித்துவிட்டால் பச்சிலை தேடி அலையாமல் நேராக விஷமுறிவு மருந்துள்ள அரசு மருத்துவமனைக்குப் போகவேண்டும். எந்த ஆஸ்பத்திரி, எவ்வளவு தூரம், ராத்திரியில் எந்த வண்டி என்று இப்போதே எழுதிச் சுவரில் ஒட்டுங்கள்.

உப்பு, தீப்பெட்டி, மண்ணெண்ணெயோ மெழுகுவத்தியோ, வீட்டில் யாராவது தினம் சாப்பிடும் மாத்திரை: இவை விளையாது, வாங்கித்தான் வைக்க வேண்டும். மாத்திரை எப்போதும் ஒரு மாதத்துக்குக் கையில் இருக்கட்டும்.

எந்த மாதத்தில் எது

தையில் ஒத்திகை, பட்டியல். மாசி, பங்குனியில் தொட்டிக் கட்டுமானம். வெயிலில் நனைக்கத் தண்ணீர் அதிகம் பிடிக்கும் என்பதால் சித்திரைக்குத் தள்ளாதீர்கள். சித்திரையில் வத்தல், வடகம், மாவடு, ஊறுகாய்; அந்த வெயிலை வீணாக்கினால் பாவம். வைகாசி, ஆனியில் கழிப்பறைக் குழி, அடுப்பு. ஆடியில் விதைப்பு, வேலிக்குக் கிளுவைப் போத்து. ஆவணியில் விறகு. புரட்டாசியில் கூரை கழுவல், குழாய், டிரம், பந்து. சோலாரை இதற்கு நடுவில் கையில் காசு வரும்போது எப்போது வேண்டுமானாலும் போடலாம், ஐப்பசிக்குள் முடிந்தால் நல்லது.

மார்கழிக் கடைசியில் ஒரு நேரான மூங்கில் குச்சியில் சென்டிமீட்டர் கோடு போட்டுத் தொட்டிக்குள் விட்டுப் பாருங்கள். இரண்டரை மீட்டர் அகலத் தொட்டியில் ஒரு சென்டிமீட்டர் என்பது 49 லிட்டர், நாலு பேருக்கு ஒன்றே முக்கால் நாள். இந்த வருடம் எங்கள் குச்சி 171 காட்டியது. வகுத்துப் பார்த்தேன், 299 நாள். மனைவி குச்சியை வாங்கி, விருந்தாளிகளுக்கென்று ஐம்பது நாளைக் கழித்துவிட்டு, அந்த எண்ணைக் கரிக்கட்டியால் தொட்டிச் சுவரில் எழுதி வைத்தாள்.